எண்ணாமல் விட்ட கை

ஆவி, குறி, தரிசனம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் எழுந்து போனால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் வரியிலேயே போயிருப்பேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகலில், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு, நூற்றுக்கு மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்த ஆலயத்துக்குள். இருட்டு இல்லை. நாய் ஊளையிடவில்லை. என் வயிற்றில் காலையில் தின்ற புட்டும் பயறும் தவிர வேறொன்றும் இல்லை.

என் தொழில் கணினி. பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயில் ஊரில், வீட்டு மாடியில் உட்கார்ந்து, திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்காக, படத்தில் கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் நிரல் எழுதுகிறேன். பக்கவாதம் வந்தவர்கள் விரலை மடக்கி நீட்டுவதைக் கேமரா பார்க்கும், எவ்வளவு மடங்கியது, எத்தனை தடவை என்று நிரல் சொல்லும். அது ஒரு கையைக் கண்டதும் அதன்மேல் இருபத்தொரு புள்ளிகள் வைக்கும். மணிக்கட்டு பூஜ்யம். அங்கிருந்து விரலுக்கு நான்காக ஏறி ஏறி, கடைசியில் சுண்டுவிரல்: பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் காய்ந்த இலையின் நரம்பு மாதிரி இருக்கும். நகம் இல்லை, தழும்பு இல்லை, மோதிரம் இல்லை. கையிலிருந்து ஆளைக் கழித்துவிட்ட மிச்சம். அதனால்தான் எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நிரல் பொய்யும் சொல்லும். வாழைக்குலையைக் கை என்று காட்டும், திரைச்சீலையின் மடிப்பில் ஐந்து விரல் காணும். ஆனால் பொய்க்கை நிலைக்காது. துள்ளும், நடுங்கும், அடுத்த நொடி காணாமல் போகும். அதன் விரல்களும் எல்லோருக்கும் பொதுவான நேரான விரல்களாக இருக்கும், ஏனென்றால் ஆயிரமாயிரம் கைகளைப் பார்த்துப் பழகிய நிரலுக்குத் தெரியாததைச் சராசரியாகத்தான் கற்பனை செய்யத் தெரியும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபைக்கு ஒரு கல்யாண மண்டபம் உண்டு, மண்டபத்துக்கு வழி இல்லை. மழைக்காலத்தில் மணப்பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் வரவேண்டும். வழி வெட்டவேண்டுமானால் கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு வரிசை போகவேண்டும். பதினொரு கல்லறைகள். தோண்டி எலும்புகளைப் பொதுக்குழியில் வைப்பது, வேண்டுமென்கிற சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டு போகலாம், இதுதான் தீர்மானம். பதினொன்றில் ஒன்று என் தங்கை ஷீலாவுடையது.

ஷீலா காட்டாக்கடைக்காரன் சுகுமாரனைக் கட்டிக்கொண்டு போனவள். அவன் இந்து, டயர் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறான். இருபது வருஷம் அவள் எங்கள் ஆலயப் படி ஏறவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் புற்றுநோயில் போனாள். அவளை நான்தான் கொண்டுவந்து கிழக்கு வரிசையில் வைத்தேன். "சாகும்போது சபைக் கல்லறையைத்தான் கேட்டாள்" என்று சுகுமாரனிடம் சொன்னேன்.

"எனக்கிட்ட அப்பிடி ஒண்ணும் சொன்னதில்லியே அளியா" என்றான். மனைவியின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவான். பிறகு, "அவளுக்க ஆச அதாக்கும்னா கொண்டு போவுங்க. நான் தடுக்கல்ல."

அன்று சபையே என் பின்னால் நடந்து வந்தது. ஓடிப்போன பெண்ணைத் திருப்பிக் கொண்டுவந்த அண்ணன். அடுத்த தேர்தலில் கமிட்டிக்கு வந்தேன்.

தீர்மானத்தை முந்தின கூட்டத்திலேயே வாக்கெடுப்புக்கு விட்டார்கள். எங்கள் சபையில் கை தூக்கித்தான் வாக்கு. மூன்று தடவை எண்ணினார்கள், மூன்று கணக்கு வந்தது. செயலாளர் கிறிஸ்துதாஸ் வழி வேண்டுமென்கிற கட்சி, ராஜமணி மாமா கல்லறையைத் தொடாதே கட்சி.

"எனக்க அம்மைக்க நெஞ்சுல காரு ஏறணும், அதாக்கும் ஒனக்க ஆச, இல்லியாலே?" என்று மாமா எழுந்தார்.

"மாமா, அம்மைக்க கல்லறையில காடு மூடிக் கெடக்கு. நேத்து ஒரு கீரி நின்னு ஒங்கள அன்வேஷிச்சிச்சு. மகன் சுகமா இருக்கானான்னு கேட்டிச்சு" என்றார் கிறிஸ்துதாஸ்.

நாற்காலி ஒன்று உடைந்தது. கூட்டம் கலைந்தது.

அதன் பிறகுதான் யாருக்கோ அந்த யோசனை வந்தது. கையை எண்ணுகிற மெஷின் நம்ம ஆள்கிட்டயே இருக்கே. கமிட்டியில் நான் மறுத்துப் பார்த்தேன். விரல் மடங்குவதை அளக்கிற நிரல் வேறு, சபை எண்ணுகிற நிரல் வேறு என்றேன். கிறிஸ்துதாஸ் சிரித்தார். "அது போதும் மக்கா. மெஷினுக்கு இங்க சொந்தக்காரன் ஆரும் கெடக்கல்லியே." மாமாகூடத் தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். போதகர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்: எண்ணுகிறவன் கை தூக்கக் கூடாது. இப்படி என் வாக்கு போயிற்று. என் வாக்கு எதுவென்று கேட்கவேண்டாம், கல்லறை அப்படியே கிடக்கவேண்டும் என்பதுதான். தோண்டினால் சுகுமாரன் வந்து நிற்பான். அவன் முகத்தை நான் பார்க்கவேண்டும்.

வாக்கெடுப்பு வைத்த அந்த ஞாயிறு அவன் வந்தும்விட்டான். ஆராதனை நடக்கும்போதே வாசல் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றான். கால் பக்கத்தில் ஒரு சின்ன மரப்பெட்டி, புதிது, வார்னிஷ் மணம் எனக்குத் தூரத்திலேயே வந்தது.

"உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றேன்.

"வேண்டாம் அளியா. எனக்குக் கை பொக்கி ஓட்டுப் போட ஒக்காதல்லோ, நான் உள்ள வந்து என்ன செய்ய. தீர்மானம் ஆனா சொல்லுங்க. குழியில எல்லாரோடயும் போட்டு மூடுகத விட நான் கொண்டு போறேன்." பெட்டியைக் காலால் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளினான். "வீட்டுக்குப் பொறத்த நிக்கிய பிலாவுக்க ஒரு கொம்பு மழையில ஒடிஞ்சிச்சு. வெறுதே கெடக்கண்டாம்னு இந்தப் பெட்டியப் பணிஞ்சேன்."

பலாமரம் என்று அவன் சொன்னதும் நான் திரும்பி ஆலயத்துக்குள் நடந்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பலிபீடப் படியில் கேமராவை வைத்தேன். முழு ஆலயமும் சட்டகத்துக்குள் வந்தது. போதகர் வழக்கமான அறிவிப்பைச் சொன்னார்: "உறுப்பினர்கள் மட்டும், வலதுகை மட்டும். எண்ணி முடிகிறவரைக்கும் யாரும் கையை இறக்கக் கூடாது." முன்பு பாதி எண்ணிக்கையில் கையை இறக்கிவிட்டு வேறு கட்சியோடு மறுபடி தூக்கியவர்கள் உண்டு, அதனால் வந்த சட்டம். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் தூக்கினார்கள், ஒரு நிமிஷம். எதிர்ப்பவர்கள் தூக்கினார்கள், ஒரு நிமிஷம். இரண்டையும் தனித்தனி வீடியோவாக எடுத்தேன். மின்விசிறிச் சத்தத்தில் அத்தனை உள்ளங்கைகள். நான் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போதகர் அங்கி மாற்றும் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

எதிர்ப்பு: அறுபத்திரண்டு. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், சரி. ஆதரவு: அறுபத்துமூன்று. இதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அறுபத்திரண்டு கைக்கு ஆள் இருந்தது. ஒரு கைக்கு இல்லை.

பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். வெயில் விழுகிறதென்று தங்கம் மாமி ஓராள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். அந்த வெற்றிடத்துக்கு மேலே இருபத்தொரு பச்சைப் புள்ளிகள். புள்ளிகளுக்குப் பின்னால் பெஞ்சின் சாய்வுப் பலகையும் சுண்ணாம்புச் சுவரும் வெயிலும், அவ்வளவுதான். நான் சலித்துக்கொண்டேன், அவ்வளவுதான், நம்பினால் நம்புங்கள், பயமே இல்லை. பொய்க்கை. தினமும் பத்துப் பார்க்கிறவன். வீடியோவைப் பின்னால் ஓட்டினேன்.

போதகர் சொல்லி முடித்ததும் எல்லோருடைய கையோடும் அது எழுந்தது. மடியிலிருந்து எழுகிற கை எழுகிற மாதிரி, முதலில் மணிக்கட்டு, பிறகு விரிகிற விரல்கள். ஒரு நிமிஷமும் துள்ளவில்லை, நடுங்கவில்லை. தங்கம் மாமியின் கையே அதைவிட நடுங்கியது. போதகர் போதும் என்றதும் மற்ற கைகள் இறங்கின. அது இறங்கவில்லை, வீடியோ முடிகிறவரை நின்றது. எதிர்ப்பு வீடியோவில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் பெஞ்சு.

பிறகுதான் சுண்டுவிரலைப் பார்த்தேன். பதினேழும் பதினெட்டும் நேராக ஏறின. பத்தொன்பதில் உடைந்து, இருபதாவது புள்ளி வெளியே சாய்ந்து நின்றது.

எனக்குப் பன்னிரண்டு வயது, ஷீலாவுக்கு ஒன்பது. பாறசாலை சந்தைக்குப் போய்த் திரும்புகிற வாடகை ஜீப்பில் அவள் ஏறுவதற்குள் கதவை அடித்துச் சாத்தினேன். வலதுகைச் சுண்டுவிரல். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு ஞாயிறு பள்ளியில் பதில் தெரியும் என்று அவள் கை தூக்கும்போதெல்லாம் நான்கு விரல் ஆசிரியரைப் பார்க்கும், ஐந்தாவது ஜன்னலுக்கு வெளியே பார்க்கும். அவள் உட்காருவது மூன்றாவது பெஞ்சு.

நம்பமாட்டீர்கள், நானும் நம்பவில்லை. நிரல்காரன் செய்கிறதைச் செய்தேன். ஒவ்வொரு கைக்கும் நிரல் தன் நம்பிக்கையை ஓர் எண்ணாகச் சொல்லும், இது கைதான் என்பதில் எனக்கு இவ்வளவு உறுதி என்று. இவ்வளவுக்குக் கீழே இருப்பதைத் தள்ளிவிடு என்று ஒரு வரம்பு வைக்கலாம். பொய்க்கைகள் முதலில் விழும். வரம்பை உயர்த்தினேன். பின்வரிசையில் பாதி மறைந்த கைகள் போயின. இன்னும் உயர்த்தினேன். தங்கம் மாமி போனார், பாடகர் குழு போனது, முன்வரிசையில் மூக்குக்கு நேரே தூக்கியிருந்த கிறிஸ்துதாஸின் தடித்த கையும் போனது. உயிரோடிருந்த அறுபத்திரண்டு பேரையும் என் நிரல் சந்தேகப்பட்டுத் தள்ளிய பிறகு, யாருமில்லாத ஜன்னலோரத்தில் அந்த ஒரு கை மட்டும் பச்சையாக நின்றது.

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன். மனைவியிடம்கூடச் சொல்லாதது.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி, உச்சிப்பொழுது, சுகுமாரன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். ஷீலா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "அண்ணா, நான் போனா காட்டாக்கடைக்குக் கொண்டு போவணும். வீட்டுக்குப் பொறத்த அந்த பிலாவுக்க மூட்டுல. அவரு உச்சைக்கு அங்கதான் கட்டிலப் போட்டுக் கெடப்பாரு. சபைக்கி வேண்டாம். அங்க எனக்கு ஆரும் இல்ல." நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவளுக்கு என்னைத் தெரியும். சிரித்தாள். "சம்மதம்னா கை பொக்கு. சண்டே ஸ்கூல் மாதிரி." ஊசி குத்தியிருந்த வலதுகையை, குழாயோடு, முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். கோணல் விரல் ஜன்னலைப் பார்த்தது. நானும் தூக்கினேன். அவள் இறக்குகிறவரை நான் இறக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் இறந்தாள், நான் பொய் சொன்னேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இருபது வருஷம் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் "தங்கச்சிக்கு சுகம்தானே" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் குரலை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு கல்லறை தேவைப்பட்டது.

கதவைத் தட்டினார்கள். "எலே மக்கா, மெஷினு ஒறங்கிப் போச்சா?" கிறிஸ்துதாஸின் குரல்.

சமமாக வந்தால் தீர்மானம் விழும், அது சபைச் சட்டம். அறுபத்துமூன்று என்று சொன்னால் கல்லறை திறக்கும், பெட்டியோடு நிற்பவன் அவளை பலாமரத்தடிக்குக் கொண்டுபோவான். யாரும் என் பொய்யைக் கேட்கப்போவதில்லை. ஒரே ஓர் எண்ணைச் சொன்னால் போதும், நிரல் தானாகச் சொன்ன எண். நான் பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் பயம் என்று ஒன்று உண்டே. கையின் பயமில்லை. அறுபத்துமூன்றாவது கை யாருடையது என்று மாமா கேட்பார், வீடியோவைக் காட்டு என்பார், நூறு பேர் அந்தச் சுண்டுவிரலைப் பார்ப்பார்கள். ஷீலாவைச் சின்ன வயதிலிருந்து பார்த்த தங்கம் மாமிக்கு அந்த விரல் தெரியும். ஷீலா ஏன் இதற்குக் கை தூக்கினாள் என்று அவர் ஒருத்தராவது யோசிப்பார். நான் ஒரு வரி எழுதினேன். படத்தின் இந்த மூலையில் வருவதை எண்ணாதே. அவ்வளவு சின்ன வரி. ஓட்டினேன். அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு.

வெளியே வந்து இரண்டு எண்ணையும் சொன்னேன். கிறிஸ்துதாஸ், "சமமா? சமம் சொல்லியதுக்கு மெஷினு எதுக்கு, எனக்க பேரப்பிள்ள சொல்லுமே" என்றார். ராஜமணி மாமா என் தோளைத் தட்டினார். "நீ ஆம்பளடே. ஒனக்க தங்கச்சிய நீ காப்பாத்திட்ட."

கேட்டுக்குப் போவதற்குள் யாரோ சுகுமாரனிடம் சொல்லியிருந்தார்கள். பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு கையாக்குமோ கொறவு?" என்றான்.

"ஆமா."

"ஒற்றக் கை." முடிச்சை இறுக்கினான். "அவ இருந்திருந்தா பொக்கியிருப்பா. எனக்காவேண்டியாவது." பிறகு என்னைப் பார்த்து, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "சாரமில்ல அளியா. அவ கேட்டு வாங்கின எடமில்லியா, அங்கேயே கெடக்கட்டும்" என்றான்.

ஸ்கூட்டர் போகிற சத்தம் வளைவில் தேய்கிறவரை நின்றேன்.

வீடியோக்களை அன்றே அழித்தேன். அந்த ஒரு வரியையும் அழித்தேன். ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று காட்டாக்கடைக்குப் போனேன். சுகுமாரன் சாயா வாங்கித் தந்தான். கடையின் மூலையில் அந்தப் பெட்டி இருந்தது, அதற்குள் ஸ்பானர்கள் கிடந்தன. டயர் விலையைப் பற்றிப் பேசினோம். திரும்பி வந்துவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் வெயில், கண், மனசாட்சி என்று ஏதாவது சொல்லி நானே இதை ஒதுக்கியிருப்பேன். போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். என் நிரலைச் சோதிக்கிறவள், நெய்யாற்றின்கரைக்காரி, என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது, எனக்குத் தங்கை இருந்தது தெரியாது.

"சாரே, ஒரு சம்சயம். நோயாளிங்க வீடியோவுல ஒரு கை கூடுதல் காட்டுது."

"எந்த வீடியோ?"

"எல்லாத்துலயும். பொறத்த, ஜன்னல் இருக்கிய பக்கம். பொய்க்கைன்னா துள்ளுமில்லியா சாரே, இது துள்ளல்ல. சுண்டுவெரலு மாத்திரம் வெளிய சாஞ்சு நிக்குது." கொஞ்சம் சிரித்தாள். "சாரு ஆருக்க கைய வச்சாக்கும் இதப் படிப்பிச்சது?"

நான் ஒன்று மட்டும் கேட்டேன், அந்தக் கை எப்போதாவது இறங்குகிறதா என்று.

"இல்ல சாரே. வீடியோ தீரியது வரைக்கும் தூக்கின படியே நிக்குது."

எண்ணி முடிகிறவரைக்கும் யாரும் கையை இறக்கக் கூடாது என்றுதான் அன்று போதகர் சொல்லியிருந்தார். நான் இன்னும் அதை எண்ணவில்லை.